ஆடியில விண்டோஸ் மாத்தின கதை

இன்னைக்கு ஊர்ல கரண்ட் கிடையாது. மாதாந்திர பராமரிப்பாம், காலைல ஒம்பதுல இருந்து சாயங்காலம் வரைக்கும். பிரஸ்ல மெஷின் நிக்குது, அண்ணன்மாரெல்லாம் டீக்கடையில, நான் லேப்டாப்ல சார்ஜ் இருக்கிற வரைக்கும் இதை எழுதிரலாம்னு உக்காந்திருக்கேன். போன ஆடியில இருந்து எழுதணும் எழுதணும்னு கிடந்தது. தெரிஞ்ச பிரஸ்காரங்க நாலஞ்சு பேர் "எப்படிப்பா மாத்துன, எங்களுதும் பழைய சிஸ்டம்தான்"னு ஃபோன் போட்டுக் கேட்டாங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு மணி நேரம் பேசிப் பேசித் தொண்டை காஞ்சதுதான் மிச்சம்.

எங்களுது சின்ன பிரஸ், விருதுநகர் மாவட்டம்னு மட்டும் சொல்லிக்கிறேன். ஒரு மினி ஆப்செட், ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் டேபிள், ஒரு கட்டிங் மெஷின். கல்யாணப் பத்திரிகை, பில் புக், காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, இதான் பொழப்பு. மல்டிகலர் வேலைன்னா ஃபைல் சிவகாசிக்குப் போயிரும். கம்ப்யூட்டர் நாலு இருந்துச்சு, நாலும் நாலு காலத்துல வாங்கினது. உள் ரூம்ல ஒரு பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி, அதுல பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7, அது மேட்டர் டைப் பண்ற டிடிபி அக்காவோட சிம்மாசனம். அதுக்குப் பக்கத்துல ரெண்டாவது ஜெனரேஷன் இன்டெல் ஐ3, விண்டோஸ் 7, டிசைன் பண்ற கோரல் டிராவுக்கு. முன்னாடி கவுண்டர்ல ஆறாவது ஜெனரேஷன் ஐ5, விண்டோஸ் 10, வாட்ஸ்அப்ல வர்ற மேட்டரை இறக்குறது, ப்ரூஃப் அனுப்புறது எல்லாம் அதுல. அப்பா டேபிள்ல எட்டாவது ஜெனரேஷன் ஐ3, அதுவும் விண்டோஸ் 10, டாலி, ஜிஎஸ்டி, பேங்க் வேலை.

எக்ஸ்பி வந்தது 2001ல. மைக்ரோசாஃப்ட் அதுக்கு அப்டேட் குடுக்கிறதை நிறுத்தினது 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14. ரெண்டு தேதியும் எங்க பிரஸ்ல யாருக்கும் தெரியாமலே வந்துட்டுப் போச்சு. அப்பாகிட்ட சொன்னா "ஓடுற வண்டியை ஏன்டா பிரிச்சுப் போடுற"ன்னு ஒரே பதில். அவர் சொல்றதையும் தப்புன்னு சொல்ல முடியாது, ஆப்செட் மெஷினே அவர் வாங்கும்போது செகண்ட் ஹேண்ட், இன்னைக்கு வரைக்கும் ஓடுது, அதுக்கு யாரும் சப்போர்ட் முடிஞ்சதுன்னு தேதி சொல்லலையே.

முதல் அடி விழுந்தது விண்டோஸ் 7 மெஷின்ல. 2023 பிப்ரவரியில குரோம் 110 வந்தப்போ விண்டோஸ் 7ஐக் கழட்டி விட்டுட்டாங்க, 109தான் அதுக்குக் கடைசி. கொஞ்ச நாள் ஒண்ணும் தெரியல, அப்புறம் ஒவ்வொரு சைட்டா மக்கர் பண்ண ஆரம்பிச்சுது, ஒண்ணு பட்டன் வராது, இன்னொண்ணு வெள்ளையா நிக்கும், இன்னொண்ணு உங்க பிரவுசர் பழசுன்னு துரத்தும். அது கோரல் மெஷின்தானே, பிரவுசர் எதுக்குன்னு விட்டாச்சு. ரெண்டாவது அடிதான் வலிச்சுது, ஆனா அது எங்களுக்கு விழல. எங்க தெருவுலயே ஒரு ஹார்டுவேர் கடை, அண்ணாச்சி ஒரு திங்கக்கிழமை காலைல வந்து சிஸ்டத்தைப் போட்டா எல்லா ஃபைலுக்கும் பின்னாடி ஏதோ வால் முளைச்சிருக்கு, ஒண்ணும் திறக்கல, பணம் கட்டுன்னு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர். டாலி டேட்டா, மூணு வருஷக் கணக்கு, போச்சு. பேக்கப் இருந்துச்சு, ஆனா அது அதே மெஷினோட டி டிரைவ்ல. அன்னைக்கு சாயங்காலம் அப்பா தானா வந்து "நம்மளுது எப்படிடா இருக்கு"ன்னு கேட்டார்.

இந்த இடத்துல, இதே மாதிரி ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்ட 2017 வான்னாகிரை வைரஸைச் சொல்லணும், ஏன்னா ஆளாளுக்கு அதைத் தப்பாச் சொல்றாங்க. மே 12ந்தேதி அது பரவினப்போ இங்கிலாந்துல ஆஸ்பத்திரிங்களே ஸ்தம்பிச்சுது. அதுல மாட்டினதெல்லாம் எக்ஸ்பின்னு நம்ம ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. நிஜத்துல அதிகமா அடி வாங்கினது விண்டோஸ் 7தான், அப்போ அதுக்கு சப்போர்ட் நல்லாவே இருந்துச்சு, ஓட்டையை அடைக்கிற பேட்ச் ரெண்டு மாசம் முன்னாடி மார்ச்லயே வந்துருச்சு. வந்ததை யாரும் போடல, அவ்வளவுதான். அதனால புது விண்டோஸ் வாங்கி வச்சுட்டு, சிஸ்டம் ஸ்லோ ஆகுதுன்னு அப்டேட்டை ஆஃப் பண்ணி வைக்கிறவரும் எக்ஸ்பி வச்சிருக்கிறவரும் கிட்டத்தட்ட ஒரே படகு. எங்க விண்டோஸ் 7லயும் அப்டேட் ஆஃப்லதான் இருந்துச்சு, யார் ஆஃப் பண்ணினதுன்னு கேட்டா ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கிறாங்க.

அப்புறம் விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14 கடைசி நாள்னு தேதி வச்சுட்டாங்க. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 20. தீபாவளிக்கு ஆறு நாள் முன்னாடி பிரஸ்ல எவனாவது கம்ப்யூட்டரைக் கழட்டுவானா. அதனால காலண்டரைப் பின்னாடி இருந்து எண்ணினோம். ஐப்பசியில கைத்தறி கடை, ஸ்வீட் கடை நோட்டீஸ், பில் புக். ஆவணியில முகூர்த்தம் ஆரம்பிச்சுரும், பத்திரிகை வேலை தலைக்கு மேல. மார்கழியில கல்யாணம் இல்லைதான், ஆனா அது டெய்லி காலண்டருக்குப் பேர் அடிக்கிற சீசன், ராத்திரி பத்து மணி வரைக்கும் நிப்போம். மிச்சம் இருக்கிறது ஆடி. ஆடியில எவனும் பத்திரிகை அடிக்க வர மாட்டான், கோயில் கொடை நோட்டீஸ் மட்டும் வரும், அது ஒரே கலர், பழைய மெஷின்லயே சமாளிச்சுக்கலாம். ஜூலை 17 ஆடி ஒண்ணு, ஆகஸ்ட் 16 ஆடி முடிவு. சிஸ்டம் மாத்தப் போற எல்லா வியாபாரிக்கும் நான் முதல்ல கேக்கிறது உங்க ஆடி எதுன்னுதான், ஜவுளிக்கடைக்காரருக்கு ஆடி தள்ளுபடி சீசன், அவரு என்னைப் பார்த்து ஆடியில கழட்டினா காலி.

ஆனியிலயே ஒரு அறுபது பக்க நோட்டு வாங்கினேன். சர்வீஸ் பண்ற தம்பி "அண்ணே அதெல்லாம் எதுக்கு, நாலு புது சிபியு, ஒரே நாள்ல போட்டுத் தரேன்"னான். நான் அவனை ஒரு வாரம் நிறுத்தி வச்சுட்டு, ஒவ்வொரு மெஷின் பக்கத்துலயும் உக்காந்து, அதுல வேலை பாக்கிறவங்க என்னென்ன தொடுறாங்கன்னு எழுதினேன். சாஃப்ட்வேர் பேர் மட்டும் இல்ல, எதை எதோட சொருகியிருக்கு, எது வேலை செய்யலைன்னா யார் கத்துவாங்க, எல்லாம். இந்த ஒரு வாரம்தான் மொத்தக் கதையிலயும் உருப்படியான வாரம். மீதியெல்லாம் கூலி வேலை.

அக்கா மெஷின்ல இருந்து ஆரம்பிச்சேன். காலைல ஆன் பண்ணதும் 2002 ஜனவரி 1ன்னு காட்டும், போர்டுல பேட்டரி செத்து எத்தனையோ வருஷம், அக்கா தினமும் தேதியை மாத்திட்டுத்தான் சாமி கும்பிடுவாங்க, அது ஒரு பிரச்சனைன்னே யாரும் நினைச்சதில்ல. நாப்பது ரூபா பேட்டரி. அடுத்து அதுல மாட்டியிருந்த ஏ3 லேசர் பிரிண்டர். வெளிச்சம் ஊடுருவுற பட்டர் பேப்பர்ல அவுட் எடுக்கிறது முழுக்க அதுலதான், அந்த பட்டரை வச்சுத்தான் அச்சடிக்கிற பிளேட்டும் ஸ்கிரீனும் தயார் பண்றது. பெரிய போர்ட் கேபிள் போட்ட பழைய பிரிண்டர், டிரைவர் 32 பிட் விண்டோஸ் 7 வரைக்கும்தான் இருக்கு. பிரிண்டருக்குன்னு சொந்த மூளை இருந்து பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் மாதிரி பொது பாஷை தெரிஞ்சா, புது விண்டோஸ்ல கூடவே வர்ற பொது டிரைவரை வச்சு ஒப்பேத்தலாம். எங்களுது கம்ப்யூட்டரே எல்லாத்தையும் கணக்குப் போட்டு அனுப்பணும்கிற வகை. டிரைவர் இல்லன்னா அது வெறும் பொட்டி. ஆக விண்டோஸ் மாத்துறதுன்னு ஆரம்பிச்சது பிரிண்டர்ல வந்து முட்டுச்சு, ஒரு நல்ல ஏ3 பிரிண்டர் விலை ஒரு கம்ப்யூட்டர் விலையை விட அதிகம்.

அப்பாவோட கணக்கு இன்னொரு பூதம். 1998ல ஒருத்தர் ஃபாக்ஸ்ப்ரோங்கிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல எழுதிக் குடுத்த பார்ட்டி லிஸ்ட், விண்டோஸுக்கு முந்தின டாஸ்ல ஓடும், யார் எந்த வருஷம் எந்த பில் புக் எத்தனை அடிச்சாங்க, எந்த நம்பர்ல முடிஞ்சுதுன்னு அதுலதான் இருக்கு. டாலி வந்து அத்தனை வருஷம் ஆகியும் அப்பா அதை விடல, எக்ஸ்பியில சாயங்காலம் அக்கா கிளம்பினதும் உக்காந்து தட்டுவார். 64 பிட் விண்டோஸ்ல 16 பிட் டாஸ் ப்ரோக்ராம் ஓடாது, விண்டோஸ் 11ல 32 பிட் எடிஷனே கிடையாது. நோட்டு போடலைன்னா இது வெளியவே வந்திருக்காது, மெஷினைத் தூக்கின அன்னைக்கு சாயங்காலம்தான் தெரிஞ்சிருக்கும். நல்ல வேளையா ஃபாக்ஸ்ப்ரோ டேட்டா எல்லாம் டிபிஎஃப் ஃபைல், லிப்ரே ஆபிஸ்ல அப்படியே எக்ஸெல் மாதிரி திறக்குது. திறந்து காட்டினேன், அப்பா ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல, அப்புறம் 2004ல ஒரு மளிகைக்கடை பேரைக் காட்டி "இவரு இன்னும் நமக்கு எழுநூறு ரூபா தரணும்"னார். ப்ரோக்ராமையும் டாஸ் மாதிரியே நடிக்கிற டாஸ்பாக்ஸ்ல ஓட வச்சுக் குடுத்துட்டேன், அது அவருக்கு மனசுக்கு.

மெஷின் விஷயத்துக்கு வருவோம். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம்னு சொல்றதெல்லாம் சும்மா, 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இல்லாம வேலை நடக்காது. நிஜமான கேட் ரெண்டு. ஒண்ணு டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப், இன்னொண்ணு மைக்ரோசாஃப்ட் ஏத்துக்கிற சிபியு லிஸ்ட். இன்டெல்னா பொதுவா எட்டாவது ஜெனரேஷன்ல இருந்து. எங்க கவுண்டர் ஐ5ல டிபிஎம் இருந்துச்சு, நல்லா ஓடுற மெஷின், ஆனா ஆறாவது ஜெனரேஷன், லிஸ்ட்ல இல்ல, கதை முடிஞ்சுது. அப்பா டேபிள் ஐ3 லிஸ்ட்ல இருக்கு, ஆனா செக் பண்ற ஆப் முடியாதுன்னே சொல்லுச்சு. சர்வீஸ் தம்பி உடனே "போர்டு மாத்தணும்ணே"ன்னுட்டான். போர்டெல்லாம் மாத்த வேண்டாம், பயாஸ்ல இன்டெல் பிடிடின்னு ஒண்ணு ஆஃப்ல இருக்கும், டிபிஎம் வேலையை அதுவே பாக்கும், ஆன் பண்ணணும். அது போக மெஷின் லெகசிங்கிற பழைய மோட்ல பூட் ஆகிட்டிருந்தது, ஹார்ட் டிஸ்க்கும் எம்பிஆர்ங்கிற பழைய ஸ்டைல்ல. விண்டோஸ் 10லயே எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு டூல் இருக்கு, டேட்டா அழியாம புது ஜிபிடி ஸ்டைலுக்கு மாத்திக் குடுக்கும், முதல்ல வேலிடேட் போட்டுப் பார்த்துட்டு, ஓகேன்னா கன்வெர்ட், அப்புறம் பயாஸ்ல யுஇஎஃப்ஐங்கிற புது மோடுக்கு மாத்தி செக்யூர் பூட் ஆன். டாலி பேக்கப்பை ரெண்டு இடத்துல எடுத்து வச்சுட்டு, அப்பாவை மத்தியானம் தூங்க அனுப்பிட்டு இதைச் செஞ்சேன், கை நடுங்கத்தான் செஞ்சுது. அவர் எந்திரிச்சு வரும்போது விண்டோஸ் 11 ஓடிட்டிருந்துச்சு, செலவு ஜீரோ, ஏன்னா விண்டோஸ் 10 ஒரிஜினலா இருந்தா 11 சும்மாவே கிடைக்கும்.

ஒரிஜினலா இருந்தா. இங்கதான் நம்ம ஊர்க் கதை வருது. நாலு மெஷின்ல ஒரிஜினல் லைசன்ஸ் ஒண்ணே ஒண்ணு, அது இந்த ஐ3, அதுவும் கம்பெனி செட்டா வாங்கினதால கூடவே வந்தது. மத்ததெல்லாம் ஐநூறு ரூபாய்க்கு ஓஎஸ் போட்டுக் குடுத்தது, எப்படிப் போட்டாங்கன்னு நாங்களும் கேக்கல அவங்களும் சொல்லல. திருட்டு விண்டோஸை ஒரிஜினல் மாதிரி ஓட வைக்கிற அந்த ஆக்டிவேட்டர்ல என்ன இருக்குன்னு எழுதினவனுக்கு மட்டும்தான் தெரியும், ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு ஓட்டுன்னு சொல்ற ஒரு சாஃப்ட்வேரை டாலியும் பேங்க்கும் இருக்கிற மெஷின்ல போட்டு வச்சிருந்தோம்னு இப்ப நினைச்சா வயித்தைக் கலக்குது. பழைய விண்டோஸ் 7 கீயை வச்சு 11 ஆக்டிவேட் பண்ற வழி முன்னாடி ஓடிட்டிருந்தது, 2023 செப்டம்பரோட அதையும் அடைச்சுட்டாங்க.

லிஸ்ட்ல இல்லாத மெஷின்லயும் விண்டோஸ் ஏத்துறதுக்கு பென்டிரைவ் தயார் பண்ற ரூஃபஸ்ல ஒரு டிக் போட்டா 11 ஏறும்னு தம்பி சொன்னான். ஏறும், பொய் இல்ல. அவன் வீட்டு கேம் மெஷினுக்கு அது சரி. ஆனா சப்போர்ட் இல்லாத மெஷின்ல போட்டா அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உறுதி குடுக்கல, நாம மாத்துறதே அப்டேட்டுக்காக, அது இல்லாத 11ஐப் போட்டுட்டு மாத்திட்டோம்னு சந்தோஷப்படுறதுக்கு பழசே தேவலாம். இன்னொரு வழி, காசு குடுத்து விண்டோஸ் 10க்கே அப்டேட் வாங்கிக்கிறது. கம்பெனிங்களுக்கு முதல் வருஷம் மெஷினுக்கு 61 டாலர், அடுத்த வருஷம் அது டபுள், அதுக்கடுத்த வருஷம் அதுவும் டபுள், மூணு வருஷத்தோட முடிஞ்சுது. நம்ம காசுக்கு முதல் வருஷமே ஐயாயிரத்துக்கு மேல. வீட்டு மெஷினுக்கு இதை விட மலிவா, இல்ல சும்மாவே ஒரு வருஷம் தர்ற வழி இருக்கு, ஆனா அது வீட்டுக்கு, கடைக்கு இல்ல. நூறு மெஷின் வச்சிருக்கிறவன் கணக்கு வேற, அவனுக்கு அது மூச்சு விட டைம். ஒரு கவுண்டர் மெஷினுக்கு மூணு வருஷம் அந்தக் காசைக் கட்டினா ஒரு புது மெஷினே வந்துரும்.

கவுண்டர் ஐ5க்கு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச ஓஎஸ் போட்டேன். இதைச் சொன்னா பிரஸ்காரங்க சிரிக்கிறாங்க. அதுல நடக்கிற வேலை என்ன, வாட்ஸ்அப் வெப், ஜிமெயில், பிடிஎஃப் பார்க்கிறது, ஆதார் ஜெராக்ஸ் ஸ்கேன். நாலுமே நடக்குது. கவுண்டர்ல இருக்கிற தம்பி ரெண்டு நாள் "ஸ்டார்ட் எங்கண்ணே"ன்னு கேட்டான், மூணாவது நாள்ல இருந்து ஒண்ணும் கேக்கல. டாலியோ கோரலோ அதுல தேவைப்பட்டிருந்தா போட்டிருக்க மாட்டேன், அவ்வளவுதான் விஷயம்.

இப்ப அக்கா. சத்தியமா இதுக்குத்தான் எனக்கு தூக்கம் போச்சு. அக்கா டைப் இன்ஸ்டிடியூட்ல யளனகபன்னு அடிச்சுப் பழகின கை, பார்க்காம அடிப்பாங்க, ஒரு பத்திரிகை மேட்டர் பத்து நிமிஷம். எல்லாம் பாமினி ஃபான்ட். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல கம்ப்யூட்டருக்குத் தமிழே தெரியாது, அம்மான்னு அடிச்சா அது உள்ள வச்சுக்கிறது எம், கே, செமிகோலன், கே, எச். இங்கிலீஷ் எழுத்து மேல தமிழ்ப் படத்தை ஒட்டி வச்சிருக்கு, ஃபான்ட்டை எடுத்துட்டா வெறும் குப்பை. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001ல, அதோட அந்த சாஃப்ட்வேரே நின்னு போச்சு, தமிழ் எழுத்தைத் தமிழாவே வச்சுக்கிற யூனிகோட்னா அதுக்கு என்னன்னே தெரியாது. ஆனா ஜனங்க வாட்ஸ்அப்ல அனுப்புற மேட்டர் முழுக்க யூனிகோட். அதை கன்வெர்ட்டர்ல போட்டு பாமினியாக்கி, பென்டிரைவ்ல ஏத்தி, பேஜ்மேக்கர்ல ஒட்டி, இதுதான் தினசரி நடந்துட்டிருந்த கூத்து.

அதனால புது மெஷின்ல பேஜ்மேக்கருக்குப் பதிலா இன்டிசைன் போட்டு, இனிமே எல்லாம் யூனிகோட்னு நான் ஒரு உத்தரவு போட்டேன். உத்தரவு போட்டது நான், விரல் அக்காவோடது. தமிழ்99 கீபோர்டு சுலபம்க்கா, விண்டோஸ்லயே இருக்குன்னேன். அக்கா அரை மணி நேரம் தட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம டிபன் பாக்ஸைத் திறந்தாங்க. மறுநாள் என்எச்எம் ரைட்டர்ங்கிற தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர்ல கீபோர்டை பாமினி லேஅவுட்டுக்கு மாத்தி வச்சேன், அதே யளனகப, அதே விரல், ஆனா விழறது யூனிகோட். "இதை நேத்தே செஞ்சிருக்கலாம்ல"ன்னாங்க. செஞ்சிருக்கலாம்.

அப்புறம் நான் பண்ணின மடத்தனம். பத்துப் பன்னெண்டு வருஷமா சேர்ந்த பத்திரிகை மேட்டர் எல்லாத்தையும் மொத்தமா யூனிகோடாக்கி புது மெஷின்ல போட்டுரலாம், அக்கா பேர் மட்டும் மாத்தினாப் போதும்னு ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து கன்வெர்ட் பண்ணினேன். காலைல அக்கா ஒரு ப்ரூஃபை எடுத்துட்டு வந்து நீட்டினாங்க. மாப்பிள்ளை பேருக்குப் பக்கத்துல டீ.நு.ன்னு இருக்கு. இது என்ன ஊர் பேரான்னு கேட்டேன். அக்கா சிரிச்ச சிரிப்புல மெஷின் அண்ணன் உள்ள இருந்து ஓடி வந்துட்டார். அது பி.இ. இங்கிலீஷ்ல அடிச்சிருந்த பட்டம், கன்வெர்ட்டருக்கு எது இங்கிலீஷ் எது பாமினின்னு தெரியுமா, பி விழுந்தா டீ, இ விழுந்தா நு. படிச்ச மாப்பிள்ளைங்க அத்தனை பேரும் டீ.நு. ஆகிட்டாங்க. கம்பெனி பேர், மெயில் ஐடி, எல்லாம் அதே கதி. மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு, பழசு பழசாவே இருக்கட்டும், திரும்ப ஆர்டர் வந்தா அப்பப்ப மாத்திக்கலாம்னு முடிவு பண்ணினோம். இன்னொரு விஷயம், பத்திரிகைக்கு வளைஞ்சு நெளிஞ்ச அழகான ஃபான்ட் பழைய முறையில இருக்கிற அளவுக்கு யூனிகோட்ல இன்னும் வரல. பழைய ஃபான்ட் ஃபைலெல்லாம் விண்டோஸ் 11லயும் சாதாரணமா ஏறுது, அதனால தலைப்புக்கு மட்டும் அதையே வச்சுக்கிட்டோம். ஃபோட்டோஷாப்ல யூனிகோட் கொம்பு தனியா கால் தனியா பிரிஞ்சு நின்னா பயப்படாதீங்க, பழைய வெர்ஷன்கள்ல டைப் செட்டிங்ல தெற்காசிய மொழிகளுக்குன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை மாத்தி ஒரு தடவை மூடித் திறந்தா சேர்ந்துரும்.

எக்ஸ்பி மெஷினை என்ன பண்றதுங்கிறதுல எனக்கும் சர்வீஸ் தம்பிக்கும் சண்டையே வந்துருச்சு. காயலான் கடைக்குப் போடலாம்ணே, அப்டேட் பண்றேன்னு சொல்லிட்டு அதை வச்சிருக்கிறது கேவலம்னான். நான் வச்சுக்கலாம்னேன். அந்த ஏ3 பிரிண்டர் உயிரோட இருக்கிற வரைக்கும் எக்ஸ்பி இருக்கும், ஆனா நெட் கேபிளைக் கழட்டிட்டேன், லேன் போர்ட்ல ஒரு செல்லோ டேப், மேல "கேபிள் சொருகாதீங்க"ன்னு ஸ்டிக்கர், பிரஸ்ல ஸ்டிக்கருக்கா பஞ்சம். பழைய மெஷின் கெட்டது இல்ல, அதை ஊரோட பேச விடுறதுதான் வம்பு. ஹார்ட் டிஸ்க்கை முழுசா அப்படியே ஒரு காப்பி (இமேஜ்) எடுத்து வச்சிருக்கேன், பென்டியம் என்னைக்காவது மண்டையைப் போட்டாலும் புது மெஷின்ல, கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுற விர்ச்சுவல்பாக்ஸ்ல அதே எக்ஸ்பி, அதே பேஜ்மேக்கர் எழுந்து நிக்கும். பிரிண்டர் வராது, ஆனா பழைய ஃபைல் திறக்கும், பிடிஎஃப் ஆக்கிக்கலாம்.

கேபிள் இல்லன்னா ஃபைல் எப்படிப் போகும்னு கேப்பீங்க. தம்பி முதல்ல ஷேர் போல்டர் போடப் பார்த்தான், புது மெஷின்ல எக்ஸ்பி தெரியவே இல்ல, ஏன்னா நெட்வொர்க்ல ஃபைல் பகிர்ற முறையான எஸ்எம்பியில எக்ஸ்பிக்குத் தெரிஞ்சது வெர்ஷன் 1 மட்டும்தான், விண்டோஸ் 11ல அது ஆஃப்லதான் வரும். ஃபீச்சர்ல போய் ஒரு டிக் போட்டா தெரிஞ்சுரும்ணேன்னான். வான்னாகிரை உள்ள வந்ததே அந்த வாசல் வழியாத்தான்டான்னு சொல்லித் தடுத்தேன். இதுக்குன்னு ஒரே ஒரு 16 ஜிபி பென்டிரைவ், சிவப்பு கயிறு கட்டினது, வேற எதுலயும் சொருகக் கூடாது. முதல்ல பெரிய 64 ஜிபி ஒண்ணு வாங்கினேன், அது எக்ஸ்ஃபேட் ஃபார்மட்ல வந்திருந்தது, எக்ஸ்பி ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு, அக்கா நல்ல வேளையா எஸ் குடுக்கல. சின்னதா வாங்கி ஃபேட்32 போட்டா தகராறு இல்ல.

விண்டோஸ் 7 மெஷினைத் தூக்கிட்டு அந்த இடத்துல புதுசு ஒண்ணு, அக்காவுக்குப் புதுசு ஒண்ணு, ரெண்டே ரெண்டுதான் வாங்கினோம், ரெண்டும் விண்டோஸ் லைசன்ஸோட பில் போட்டு. செட்டப் பண்ணும்போது மெயில் ஐடி கேக்கும். தம்பி வேகத்துல தன்னோட ஐடியைப் போடப் போனான், கையைப் பிடிச்சுட்டேன். இப்ப வர்ற புது செட்டப்புல டிஸ்க்கே தானா பூட்டு போட்டுக்கும், அந்தப் பூட்டோட சாவி எந்த ஐடியில ஏறினமோ அந்த அக்கவுண்ட்ல போய் உக்காந்துக்கும். நாளைக்கு ஒரு பயாஸ் அப்டேட்ல மெஷின் நின்னு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டா, தம்பி துபாய் போயிருந்தா? பிரஸ் பேர்ல தனியா ஒரு ஐடி போட்டு, சாவியை பிரிண்ட் எடுத்து அப்பா பீரோவுல பத்திரத்தோட வச்சாச்சு. அதுலயும் ஒரு சொதப்பல், நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டிட்டே போனதுல டெஸ்க்டாப் முழுக்க கிளவுட்டுக்கு ஏறுற மாதிரி நானே ஓகே குடுத்திருக்கேன். சும்மா கிடைக்கிற 5 ஜிபி ரெண்டே நாள்ல நிறைஞ்சு, ஃபைலுக்கெல்லாம் சிவப்பு பெருக்கல் குறி. அக்கா எல்லாத்தையும் டெஸ்க்டாப்லதான் வைப்பாங்க, அது பதினஞ்சு வருஷப் பழக்கம், அதை மாத்துற சக்தி எந்த ஓஎஸ்க்கும் கிடையாது. அந்த பேக்கப்பை நிறுத்திட்டு, வெளி ஹார்ட் டிஸ்க் ரெண்டு வாங்கி, திங்கள் ஒண்ணு வியாழன் ஒண்ணு, வேலை முடிஞ்சதும் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவேன். ஹார்டுவேர் அண்ணாச்சி கதைக்கு அப்புறம் கழட்டாத பேக்கப்பை நான் பேக்கப்புனு சொல்றதில்ல.

பதினஞ்சு நாள் பழசும் புதுசும் சேர்ந்தே ஓடுச்சு. ஒரு கொடை நோட்டீஸை ரெண்டு மெஷின்லயும் செஞ்சு பார்த்தோம், புதுசுல முதல் நாள் ரெண்டு மணி நேரம், பத்தாவது நாள் இருபது நிமிஷம். ஆடி முடிஞ்சு ஆவணி ஒண்ணு அன்னைக்கு பத்திரிகைக்கு மூணு பார்ட்டி, ஒருத்தர் தேங்காய் பழத்தோட தாம்பூலத் தட்டுல மேட்டர் வச்சுக் குடுத்தார், மத்த ரெண்டு பேர் வாட்ஸ்அப். செப்டம்பர் 22ந்தேதி ஜிஎஸ்டி ரேட் மாறினப்போ டாலி அப்டேட் எல்லாம் சத்தமில்லாம ஏறுச்சு, அப்பா அதுக்கு ஒரு வார்த்தை பாராட்டல, திட்டவும் இல்ல, அதான் பாராட்டு. வருஷக் கடைசியில ரேம் விலை ஏறின ஏத்தத்தைப் பார்த்தப்போ மட்டும் "நல்ல வேளை ஆடியிலயே வாங்கினே"ன்னார்.

இப்ப தை பிறந்தா மறுபடியும் பத்திரிகை, அது முடியுறதுக்குள்ள எலெக்‌ஷன் வேலை வந்துரும். ஏ3 பிரிண்டருக்கு மாத்து ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், அடுத்த ஆடிக்கு. அக்கா கேட்டாங்க, அப்ப எக்ஸ்பியை என்ன பண்ணுவன்னு. பேட்டரி மாத்தினதுல இருந்து அது சரியான தேதி காட்டுது, ஆனா அக்கா இன்னும் காலைல போட்டதும் பழக்க தோஷத்துல கடிகாரத்தை டபுள் கிளிக் பண்ணி, பார்த்துட்டு, மூடிட்டுத்தான் சாமி கும்பிடுறாங்க.

சார்ஜ் பதினோரு பர்சன்ட், கரண்ட் இன்னும் வரல.